அஞ்சு இஞ்ச் அலட்டல்!

பஸ்ல போறப்போ முன்னால ஒரு டிராக்டர் வழியே விடாம ஊர்ந்துக்கிட்டுப் போகும். டிரைவர் ஹாரன் அடிப்பார், கண்டக்டர் தலையை வெளியே நீட்டித் திட்டுவார், நீங்க ஹெட்போனை மாட்டிக்கிட்டுத் தூங்கிடுவீங்க. அடுத்த தடவை தூங்காதீங்க பாஸ். அந்த டிரெய்லரைப் பக்கவாட்டுல ஒரு நிமிஷம் பாருங்க. அதோட தளம் ரோட்டுக்குச் சமமா இருக்கா? இல்ல, மூக்கைத் தூக்கிக்கிட்டு வாலைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போகுதா?

எனக்கு இப்போ இதைப் பார்க்கிறதே வேலையாப் போச்சு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பைக்கைப் பார்த்து 'வாவ்' சொல்றப்போ நான் டிரெய்லரைப் பார்த்து 'அச்சச்சோ' சொல்றேன். ஹாஸ்டல்ல எனக்குப் பேரே 'டிரெய்லர்'தான். (மெயின் பிக்சர் எப்போ ரிலீஸ்னு வேற கேட்கிறாங்க!) அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. கிண்டலா ஆரம்பிக்கிறேனே தவிர, கதை அப்படி முடியல.

நான் காரைக்கால் பொண்ணு. மெக்கானிக்கல் மூணாவது வருஷம். எங்க ஊரு உங்களுக்குத் தெரியும்தானே? புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான், ஆனா புதுச்சேரிக்குப் போகணும்னா தமிழ்நாட்டைத் தாண்டித்தான் போகணும். காவிரியோட கடைமடை. ஒரு பக்கம் கடல், மத்த பக்கமெல்லாம் தமிழ்நாடு. சுத்தி அரசலாறு, நாட்டாறு, நூலாறு, திருமலைராஜனாறுன்னு ஆறா ஓடும். ஆறு இருந்தா வாய்க்கால், வாய்க்கால் இருந்தா மதகு, மதகு இருந்தா ரெண்டு பக்கமும் ஏத்தம் இறக்கம். இந்த ஏத்தம் இறக்கத்தை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

நெடுங்காடு பக்கம் எங்க மாமாவுக்கு நிலம். ரொம்ப வருஷமா ஒரு 35 குதிரைத் திறன் டிராக்டரும் ரெண்டு சக்கர டிரெய்லரும் வெச்சிருந்தார். டிராக்டருக்கு வயசாகிடுச்சுன்னு போன வருஷம் வித்துட்டு, செகண்ட் ஹேண்ட்ல 50 குதிரைத் திறன் வண்டி வாங்கினார். பெரிய வண்டி, பெரிய டயர், கெத்தான வண்டி. மாலை எல்லாம் போட்டு, திருநள்ளாறு போயி அர்ச்சனை பண்ணிட்டு வந்து பழைய டிரெய்லரை மாட்டினாங்க. அங்கதான் சிக்கல். புது வண்டியோட கொக்கி, பழைய வண்டியோட கொக்கியைவிட அஞ்சு இஞ்ச் உயரம்!

ஒரு சின்ன கேப். இஞ்ச்னு சொன்னதும் ஞாபகம் வருது. பிரெஞ்சுக்காரங்க 1954 நவம்பர் 1 வரைக்கும் ஆண்ட ஊரு எங்க ஊரு. உலகத்துக்கே மீட்டரைக் கொடுத்த நாடு அது. ஆனா எங்க பட்டறையில இன்னிக்கும் இஞ்ச்சும் நூலும்தான்! என்ன பாடம் நடத்திட்டுப் போனாங்களோ.

சரி, அஞ்சு இஞ்ச் உயர்ந்தா என்ன குடி முழுகிப் போகுதுங்கிறீங்களா? நானும் அப்படித்தான் கேட்டேன். ரெண்டு சக்கர டிரெய்லர்ங்கிறது ஏத்தக்கட்டை மாதிரி. நடுவுல அச்சு, முன்னால கொக்கி, பின்னால வால். பாரத்துல ஒரு பங்கு எப்பவும் முன்னால கொக்கி மேல அழுத்திக்கிட்டே இருக்கணும். அப்போதான் டிராக்டரோட பின் சக்கரம் தரையைப் பிடிக்கும், டிரெய்லரும் வாலை ஆட்டாம வரும். மூக்கு தூக்கினா பாரம் பின்னால சாயும். மூட்டை ஒவ்வொண்ணா நகர்ந்து பின் கதவுல போயி முட்டும். மதகு இறங்குறப்போ வால் தரையில உரசும். ரொம்ப முத்திப்போச்சுன்னா, டிரெய்லர் கொக்கியை மேல தூக்கும். அப்புறம் டிராக்டர் பின் சக்கரம் சும்மா சுத்தும்.

வெளிநாட்டுல வீட்டையே சக்கரத்துல வெச்சு வண்டிக்குப் பின்னால கட்டி இழுத்துக்கிட்டு டூர் போவாங்களே, அவங்களுக்கும் இதே தலைவலிதான். வண்டியை மாத்துவாங்க, புது வண்டி உயரமா இருக்கும், பின்னால வர்ற வீடு மூக்கைத் தூக்கும். கொக்கி மேல மொத்த எடையில 100-க்கு 10-லேர்ந்து 15 பங்கு இருக்கணும், தளம் சமமா இருக்கணும், இல்லாட்டி கொஞ்சம்போல முன்னால சாஞ்சிருக்கலாம்னு அங்கே ஒரு கணக்கு. கொக்கியை இறக்க முடியலைன்னா வீட்டையே உயர்த்துவாங்க. ஸ்பிரிங் பட்டைக்கு மேல இருக்கிற அச்சைக் கழட்டி கீழே மாட்டினா ஒரே அடியில அஞ்சு இஞ்ச்கிட்ட உயரும்.

இதையெல்லாம் ராத்திரி முழுக்க படிச்சிட்டு, காலையில பெரிய இன்ஜினீயர் மாதிரி டிரெய்லருக்கு அடியில புகுந்து பார்த்தேன். அச்சு ஏற்கெனவே பட்டைக்குக் கீழேதான் இருந்தது. பல்பு!

மாமா டிரெய்லரைப் பட்டறைக்கு ஓட்டிக்கிட்டுப் போனார். பட்டறை பாய் சுத்தி வந்து பார்த்தார். 'முதல்ல டிராக்டர் கொக்கியை எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறக்கணும். மிச்சத்துக்கு பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல இரும்புப் பெட்டி செஞ்சு வெச்சு, நீளமான யு போல்ட் போட்டு இறுக்கணும். ரெண்டு நாள் ஆகும்'னு சொல்லி ஒரு தொகையும் சொன்னார். டிராக்டர் வாங்கின கடன்ல இருந்த மாமா, தொகையைக் கேட்டதும் என் பக்கம் திரும்பினார்.

'ஏன் இன்ஜினீயரு, இதுக்கு இவ்வளவு ஆகுமா?'

சத்தியமா சொல்றேன், அந்த 'இன்ஜினீயரு'ங்கிற வார்த்தை இருக்கே... அரியர் வெச்சிருக்கிற ஜீவனுக்கு அது என்ன போதை தெரியுமா! உடனே நோட்டை எடுத்தேன். மூணு டன் லோடு. ரெண்டு பக்கம் பிரிஞ்சா பக்கத்துக்கு ஒண்ணரை டன். ஆறு இஞ்ச்சுக்கு மூணு இஞ்ச் கட்டை வெச்சா ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1.3 நியூட்டன்தான் அழுத்தம். மரம் அதைவிடச் சில மடங்கு தாங்கும். 'எதுக்கு மாமா இரும்பு? கட்டையே போதும்!'

மாமாவுக்கு சந்தோஷம் தாங்கல. ஐப்பசி மழையில கொல்லையில ஒரு பூவரசு சாஞ்சு கிடந்தது. அதுலேர்ந்து அஞ்சு இஞ்ச் உயரத்துல ரெண்டு கட்டை அறுத்து, நீளமான யு போல்ட் வாங்கி, நானே பக்கத்துல நின்னு இறுக்க வெச்சேன். மட்டப்பலகை வெச்சுப் பார்த்தேன். குமிழி நட்ட நடுவுல நின்னது. அந்த போட்டோ ரொம்ப நாள் என் வாட்ஸ்அப் டி.பி.

தை பிறந்தது, அறுவடை ஆரம்பிச்சது. ஒருநாள் டிரைவர் அண்ணன் மாமாகிட்ட வந்து, 'பின்னாடி ஏதோ லொடலொடங்குது. காலி வண்டியில போனா நல்லாவே கேட்குது'ன்னார். மாமா எனக்கு போன் பண்ணினார். நான் ஹாஸ்டல் வராண்டாவுல நின்னுக்கிட்டு, 'கணக்குல எல்லாம் கரெக்ட்டா இருக்கு மாமா. அந்த பின் கதவு ஆடும், அதைப் பார்க்கச் சொல்லுங்க'ன்னேன். மாமா அதை அப்படியே அண்ணன்கிட்ட சொன்னார். அண்ணன் பின் கதவைக் கயிறு போட்டுக் கட்டினார்.

மாசியில ஒரு சனிக்கிழமை. 50 மூட்டை நெல்லு. மூட்டைக்கு 60 கிலோ, ஆக மூணு டன். மேல ஒரு லோடுமேன் உட்கார்ந்திருந்தார். வாய்க்கால் மதகுல ஏறி இறங்குறப்போ ஒரு பக்கத்துக் கட்டை பிளந்து, அச்சு அந்தப் பக்கம் மட்டும் பின்னால நழுவிடுச்சு. டிரெய்லர் நண்டு மாதிரி கோணிக்கிட்டு, ஒரு சக்கரம் கரையை விட்டு இறங்கி அப்படியே சாஞ்சது. பாதி மூட்டை வாய்க்கால்ல. மேல இருந்தவர் குதிச்சதுல மணிக்கட்டு எலும்பு முறிஞ்சது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அறுவடை சீசன்ல ஆறு வாரம் கையைத் தூக்க முடியலைன்னா அந்த வீட்டுல என்ன நடக்கும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. மாமா ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கிட்டார், கூலியிலயும் பாதி கொடுத்தார். மீதிப் பாதி யார் கொடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது.

ஊர்ல ஆளுக்கொண்ணு சொன்னாங்க. சனிக்கிழமை, அதுவும் திருநள்ளாறு பக்கம், சனி பார்வைன்னு ஒரு குரூப். பாவம் அவரு, எல்லாத்துக்கும் அவர் தலையையே உருட்டுறாங்க! மாமா வேற முடிவுக்கு வந்தார். 'மதகுல வேகமா இறக்கியிருக்கான்.' நாலு பேர் நிக்கிற இடத்துல டிரைவர் அண்ணனைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். அண்ணன் ஒரே ஒரு தடவை 'நான் மெதுவாத்தான் வந்தேன்'னார். அடுத்த வாரத்துலேர்ந்து வேலைக்கு வரல.

நான் அப்போ அங்கேதான் இருந்தேன். லீவுக்கு வந்திருந்தேன். பிளந்த கட்டையையும் பார்த்தேன். என் கணக்குல எங்கே தப்புன்னு எனக்குப் புரியல. தப்புன்னு நிச்சயமா தெரியாதப்போ எதுக்கு வாயைத் திறக்கணும்னு எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கிட்டேன். நல்ல நியாயம்தான், இல்ல?

ஜூன்ல நாங்க நாலு பேர் இன்பிளான்ட் டிரெய்னிங்குக்குத் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனைக்குப் போனோம். அந்தப் பணிமனையே ஒரு காலத்துல எங்க பக்கத்து ஊரான நாகப்பட்டினத்துல இருந்ததுதான். 1928-ல பொன்மலைக்கு மாத்திட்டாங்க. (நாகைக்காரங்க இன்னிக்கும் பெருமூச்சு விடுவாங்க.)

அங்கே ஒருநாள், பழைய டிசைன் பயணிகள் பெட்டி ஒண்ணை அடிச்சட்டத்துலேர்ந்து தூக்கி வெச்சிருந்தாங்க. பெரம்பூர் ஐ.சி.எஃப்.ல இந்த ரகம் தயாரிக்கிறதை 2018 ஜனவரியோட நிறுத்திட்டாங்க. ஏற்கெனவே செஞ்சது நிறைய இருக்கே, அதுக்கெல்லாம் பராமரிப்பு வேணுமே. ஸ்பிரிங்குக்கு அடியில வைக்கிறதுக்குன்னு வளையம் வளையமா அடுக்கி வெச்சிருந்தாங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தடிமன். எதுக்குன்னு கேட்டேன்.

ரயில் சக்கரம் புதுசா இருக்கிறப்போ 915 மில்லிமீட்டர் விட்டம். ஓடி ஓடித் தேயும், லேத்துல கடைஞ்சு சரி பண்ணுவாங்க, இன்னும் சின்னதாகும். 819-க்கு வந்துட்டா விட்டத்துல 96 போச்சு, அப்போ உயரத்துல பாதி, 48 மில்லிமீட்டர் பெட்டி இறங்கிடும். பக்கத்துப் பெட்டியோட கோக்கிற உயரம் மாறிடும். அதைச் சரிக்கட்ட 48 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு வளையம்! அகல ரயில் பாதையில தண்டவாளத்துலேர்ந்து பஃபரோட மையம் அதிகபட்சம் 1105, குறைஞ்சபட்சம் 1030 மில்லிமீட்டர் உயரத்துல இருக்கணும். நடுவுல 75 மில்லிமீட்டர்தான் சலுகை. அதாவது மூணு இஞ்ச்கூட முழுசா இல்ல. மாமா டிரெய்லர் அஞ்சு இஞ்ச் தூக்கிக்கிட்டு நின்னது.

அந்த வளையத்தைக் கையில வாங்கிப் பார்த்தேன். அடர்த்தியான பிளாஸ்டிக் ரகம். அங்கிருந்த சீனியர் டெக்னீஷியன்கிட்ட அப்பாவி மாதிரி கேட்டேன், 'மரத்துல செஞ்சா என்ன சார்?' அவர் சிரிக்கல. 'மரம் நனைஞ்சா ஊதும், காஞ்சா சுருங்கும். உயரத்துக்குன்னு ஒரு பொருளை வெச்சுட்டு, அதோட உயரமே மாறினா எப்படிம்மா?'ன்னார்.

அவ்வளவுதான். அன்னைக்கு மெஸ்ல சாப்பாடு இறங்கல. ராத்திரி நோட்டை எடுத்து, நவம்பர்ல போடாத கணக்கை ஜூன்ல போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்க, ரெண்டே வரிதான். யு போல்ட்டை இறுக்குறப்போ அது ரப்பர் பேண்ட் மாதிரி துளியூண்டு நீளுது. அந்த நீட்சிதான் பிடிமானமே. 300 மில்லிமீட்டர் நீளக் கம்பியில சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் இழுவை வந்தாலும், நீட்சி வெறும் 0.3 மில்லிமீட்டர். இன்னொரு பக்கம் பச்சை மரம். காயுறப்போ குறுக்குவாட்டுல 100-க்கு 3, 4 பங்கு சுருங்குறது சர்வ சாதாரணம். அஞ்சு இஞ்ச் கட்டை, அதாவது 125 மில்லிமீட்டர்ல 3 பங்குன்னா கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். நாலு மில்லிமீட்டர் சுருங்குற இடத்துல 0.3 மில்லிமீட்டர் நீட்சி எம்மாத்திரம்? தை மாச வெயில்லயே என் யு போல்ட் ரெண்டு பக்கமும் சும்மா தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. மரம் நசுங்குமா நசுங்காதான்னு மட்டும் பார்த்தேன். அது நசுங்கல. சுருங்குச்சு.

லொடலொடன்னு சத்தம் வந்தது எங்கேயிருந்துன்னு இப்போ புரியுதா?

ஊருக்கு வந்தேன். மாமா திண்ணையில உட்கார்ந்திருந்தார். நோட்டைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். அவருக்கு நியூட்டன் எல்லாம் புரிஞ்சிருக்காது. உள்ளேயிருந்து கேட்டுக்கிட்டிருந்த அம்மாச்சிக்குப் புரிஞ்சிடுச்சு. 'பச்ச மரத்துல கதவு செஞ்சா கோடையில சந்து விழும்டி. இதுக்கு காலேஜு வேற.' மாமா என்னைத் திட்டுவார்னு நெனச்சேன். திட்டல. ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

'அன்னிக்கு அவன் லொடலொடங்குதுன்னு சொன்னான்ல?'

நான் பதில் சொல்லல. சாயங்காலம் டிரைவர் அண்ணன் வீட்டுக்கு மாமாவோட நானும் போனேன். அவர் இப்போ வேற ஒருத்தர்கிட்ட வண்டி ஓட்டுறார். வாசல்ல நின்னு, 'அண்ணே, தப்பு என்னோடது, கட்டை வைக்கச் சொன்னது நான், சத்தத்தைப் பத்தித் தப்பா சொன்னதும் நான்'னு ஒப்பிச்சேன். வைவாவுல கூட அவ்வளவு நடுங்கினது இல்ல. அவர் மனைவி டீ கொண்டுவந்து வெச்சாங்க. அண்ணன் மாமாவைப் பார்க்காம என்னைப் பார்த்துச் சொன்னார். 'நாலு பேர் முன்னாடிதான் பாப்பா திட்டினாரு. நீ தனியா வந்து சொல்ற.'

அதுக்கு என்கிட்டயும் பதில் இல்ல, மாமாகிட்டயும் இல்ல. டீயைக் குடிச்சிட்டுத் திரும்பி வந்துட்டோம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பட்டறையில நல்ல கூட்டம். அறுவடைக்கு முன்னாடி ரிப்பேர் பார்க்க வந்த ஏழெட்டு பேர். அவங்க முன்னாடி மாமா பாய்கிட்ட சத்தமாவே சொன்னார். 'மாசியில வண்டி சாஞ்சதுக்கு டிரைவர் காரணமில்ல. நாங்க கட்டை வெச்சது தப்பு. இரும்பே போடுங்க.' எங்க மாமா வாயிலேர்ந்து 'தப்பு'ங்கிற வார்த்தை வந்ததை நான் அன்னைக்குத்தான் முதல்முறையா கேட்டேன்.

பாய் வேலை செஞ்ச விதம் இருக்கே, அதை எங்க சிலபஸ்லயே சேர்க்கலாம். முதல்ல டிராக்டர் கொக்கியை ரெண்டு இஞ்ச் இறக்கினார். கொக்கி எவ்வளவு கீழே இருக்கோ அவ்வளவு நல்லதாம். உயரத்துலேர்ந்து இழுத்தா ஏத்தத்துல டிராக்டரோட முன் சக்கரம் மேல தூக்கும். பின் அச்சுக்கு மேல எதையாவது கட்டி இழுத்தா வண்டி மல்லாக்கக் கவுந்து டிரைவர் மேலேயே விழும். அதே சமயம் ரொம்ப இறக்கினா வரப்புல இடிக்கும். அதனால ரெண்டு இஞ்ச்தான். மிச்சம் மூணு இஞ்ச்சுக்கு இரும்புப் பெட்டி. அஞ்சு இஞ்ச் கட்டை குச்சிக்கால் மாதிரி, குலுங்குறப்போ உருளப் பார்க்கும். மூணு இஞ்ச் பெட்டி சம்மணம் போட்டு உட்காரும். அதோட, டிரெய்லரை எவ்வளவு தூக்குறோமோ அவ்வளவு பாரமும் மேல போகும், வைக்கோல் ஏத்தினா சாயும். அதனால தேவைக்கு மேல ஒரு நூல்கூட தூக்க மாட்டேன்னுட்டார். பெட்டிக்குக் கீழ்ப் பக்கம் ஒரு முளை, அது அச்சு மேல இருக்கிற குழியில உட்காரும். மேல் பக்கம் ஒரு குழி, அதுல பட்டையோட சென்டர் போல்ட் தலை உட்காரும். யு போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் அச்சு சட்டுன்னு நழுவாது. வெல்டிங் எல்லாத்தையும் பெட்டியைத் தனியா வெச்சே முடிச்சுட்டார். 'பட்டை மேல நெருப்பு படக் கூடாது பாப்பா, அதோட உறுதியே போயிடும்.'

புது யு போல்ட்டை மாட்டி இறுக்கினதும் பாய் கடைசியா ஒண்ணு சொன்னார். 'லோடு ஏத்தி 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு, திரும்ப வந்து இறுக்கணும். முதல் தடவை எல்லாம் உட்காரும்.'

50 கிலோமீட்டர் ஓடினதும் நானே ஸ்பேனரோட டிரெய்லருக்கு அடியில புகுந்தேன். நீளமான ஸ்பேனர், என் பலம் பத்தல. யாரோ பக்கத்துல வந்து குனிஞ்சாங்க. டிரைவர் அண்ணன். யார் சொல்லி வந்தார்னு தெரியல, நானும் கேட்கல. ஸ்பேனரோட மறுமுனையை அவர் பிடிச்சார். முதல் நட்டு கால் சுத்து திரும்பி நின்னது. ரெண்டாவதும் கால் சுத்து. மூணாவதும் நாலாவதும் அசையவே இல்ல. அந்தப் பக்கம் போனோம். அங்கேயும் நாலு நட்டு.